உங்கள் போனுக்கு உங்கள் பேச்சு புரிய என்ன வேண்டும்?

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அங்கே எல்லோரும் சேர்ந்து செய்து பார்த்தவற்றை வீட்டில் இருந்தபடி நீங்களும் செய்து பார்க்கலாம்.)



போனில் டைப் செய்யாமல், கீபோர்டில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுப் பேசுகிறவர்கள் கை தூக்குங்கள். கூடத்தில் பாதிப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது ஒன்று, அது எழுதியது வேறொன்று என்று திருத்த வேண்டி வந்தவர்கள்? அதே கைகள்தான் மறுபடியும்.

உங்களுக்கும் எனக்கும் இது சின்னத் தொந்தரவு. திருத்திவிட்டுப் போய்விடுவோம். ஆனால் பக்கவாதம் வந்து நாக்கு பழையபடி புரளாதவரை நினைத்துப் பாருங்கள். பார்கின்சன் நோயால் கை நடுங்கி, குரலும் தேய்ந்து போனவரை நினைத்துப் பாருங்கள். அவரால் டைப் செய்ய முடியாது. பேசினால் போனுக்குப் புரிவதில்லை. குரலால் இயங்கும் வசதி யாருக்கு மிக அவசியமோ, அவரிடம்தான் அது அதிகம் தடுமாறுகிறது. நம் குடியிருப்பிலேயே இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லப் போவது ஒரே ஒரு விஷயம். பேச்சு காதில் விழும் சத்தமாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அது வாய் செய்யும் வேலை. அந்த வேலையைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால், சத்தம் தெளிவில்லாத இடத்திலும் அது பேச்சைப் பிடித்துக்கொள்ளும். இந்த வழியில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. அதில் நம் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்.

போன் எப்படிக் கேட்கிறது?

முதலில், போன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நீங்கள் பேசும்போது மைக் வழியாக வரும் அதிர்வை அது மிகச் சிறிய துண்டுகளாக நறுக்குகிறது. வழக்கமாக ஒரு நொடிக்கு 100 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் தாழ்ந்த ஒலி எவ்வளவு, உயர்ந்த ஒலி எவ்வளவு என்று கணக்கெடுக்கிறது. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் கணக்கு முறை நம் காதைப் பார்த்து அமைத்தது. தாழ்ந்த ஒலிகளிடையே சின்ன வித்தியாசத்தையும் நம் காது பிரித்து அறியும். உயர்ந்த ஒலிகளில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அந்தக் கணக்கும் அப்படித்தான். பிறகு, இந்த எண்களின் வரிசைக்கு எந்த எழுத்து, எந்தச் சொல் பொருந்துகிறது என்று, முன்பு கேட்டுப் பழகிய ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சை வைத்து அது முடிவு செய்கிறது.

அதாவது காதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். வாய் அதில் எங்கேயும் இல்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1791-இல் வோல்ஃப்காங் ஃபான் கெம்பெலன் என்பவர், பேசும் இயந்திரம் ஒன்றைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நுரையீரலுக்குப் பதில் துருத்தி, குரல் நாணுக்குப் பதில் ஊதுகுழலில் இருக்கும் நாக்கு போன்ற தகடு, வாய்க்குப் பதில் கையால் அழுத்தி வடிவம் மாற்றக்கூடிய புனல். டெலிபோனைக் கொடுத்த கிரஹாம் பெல்லின் அப்பா அலெக்ஸாண்டர் மெல்வில் பெல் 1867-இல் ஒரு எழுத்து முறையை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு எழுத்தின் வடிவமும் நாக்கும் உதடும் தொண்டையும் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும்.

நமக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஒரு பகுதி இருக்கிறது. உள்ளிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எப்படி எழுத்தாகப் பிறக்கிறது என்று அது எழுத்து வாரியாகச் சொல்கிறது.

ஒன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வரிசையை இப்போது மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம. நாக்கு எங்கே போகிறது என்று கவனியுங்கள். க என்னும்போது வாயின் பின்புறம். ச, கொஞ்சம் முன்னால், அண்ணத்தில். ட, நாக்கு நுனி மேலே மடிகிறது. த, பல்லுக்கு வந்துவிட்டது. ப, உதட்டுக்கே வந்துவிட்டது. பின்னாலிருந்து முன்னால் நடந்து வருகிறோம். இந்த வரிசை தற்செயலாக வந்தது இல்லை. வாயைப் பார்த்து அமைத்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சோதனை

இப்போது ஜோடிகளைப் பாருங்கள். ப-ம ஒரு ஜோடி. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுகிறது. வித்தியாசம் எங்கே? மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லுங்கள். எல்லோரும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். என்ன கேட்கிறது? சாய்பாபாவில் வருகிற 'பாபா' மாதிரி இருக்கிறதா?

அண்ணத்தின் பின்பகுதி மென்மையாக இருக்கும். அது ஒரு கதவு. ம சொல்லும்போது அது திறந்து காற்றை மூக்கு வழியே விடுகிறது. ப சொல்லும்போது மூடிக்கொள்கிறது. நீங்கள் மூக்கை அடைத்ததும் கதவு திறந்தும் பயனில்லை. ம, ப ஆகிவிட்டது. மெல்லினத்துக்கும் வல்லினத்துக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கதவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது மிக முக்கியமாகப் போகிறது.

இன்னொரு சோதனை. உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு 'தீ' என்றும் 'தூ' என்றும் சொல்லுங்கள். 'தூ' சொல்லும்போது, 'த' வருவதற்கு முன்பே உதடு குவிந்துவிடுகிறது. அடுத்து வரப்போகும் 'ஊ'வுக்கு உதடு முன்கூட்டியே தயாராகிறது. நாம் எழுதும்போது எழுத்துகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். வாயில் அப்படி வருவதில்லை. நாக்கு ஒரு வேலையில் இருக்கும்போதே உதடு அடுத்த வேலையைத் தொடங்கிவிடும். சமையலறையில் ஒரு அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே இன்னொன்றில் தாளிப்புக்கு எண்ணெய் காய்வது போல.

இதனால் கம்ப்யூட்டருக்கு என்ன சங்கடம்? அமெரிக்காவில் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் அவருடன் இருந்தவர்களும் 1950-களில் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். 'டாக்டர்' என்ற சொல்லின் முதல் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 'இ'யோடு சேரும்போது அலையின் ஒரு பகுதி மேல் நோக்கி ஏறுகிறது. 'உ'வோடு சேரும்போது கீழ் நோக்கி இறங்குகிறது. சத்தமாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. நம் காதுக்கோ இரண்டும் ஒரே எழுத்து. ஏனென்றால் இரண்டிலும் நாக்கு செய்தது ஒரே வேலை. நாம் சத்தத்தின் வழியாக வாயைத்தான் கேட்கிறோம் என்று லிபர்மன் சொன்னார். அது முழுக்கச் சரியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

நம் மொழியில் இதற்கு அழகான உதாரணம் 'ஒன்பது'. யாராவது வீட்டில் அப்படிச் சொல்கிறோமா? 'ஒம்பது' என்கிறோம். ன் எப்படி ம் ஆனது? நாக்கு ன்-க்குப் போகிறது, மூக்குக் கதவு திறக்கிறது, குரல் நாண் அதிர்கிறது. அதற்குள் அடுத்து வரும் 'ப'வுக்காக உதடு முந்திக்கொண்டு மூடிவிடுகிறது. உதடு மூடி, மூக்குக் கதவு திறந்திருந்தால் அது ம் தானே! எழுத்துக் கணக்கில் பார்த்தால் ஒரு எழுத்தே மாறிவிட்டது. வாய்க் கணக்கில் பார்த்தால் உதடு ஒரு கண்ணிமைப்பு நேரம் முன்னால் மூடியது, அவ்வளவுதான். சத்தத்தை மட்டும் கேட்கும் இயந்திரம் இப்படிப்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகக் கேட்டுப் பழக வேண்டும். வாயைத் தெரிந்த இயந்திரத்துக்கு ஒரே விதி போதும்.

வாய்க்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

சரி, நாக்கு வாய்க்குள் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு முக்கியமான வழிகள் உண்டு.

ஒன்று, பேசுகிறவரின் நாக்கு, உதடு, தாடை இவற்றில் அரிசி அளவிலான சின்னக் கம்பிச் சுருள்களை ஒட்டி, மெல்லிய காந்தப் புலத்தில் உட்கார வைத்துப் பேசச் சொல்வது. ஒவ்வொரு சுருளும் எங்கே நகர்கிறது என்று நொடிக்குச் சில நூறு முறை பதிவாகும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1999-இல் இப்படி உருவான மோக்கா என்ற தொகுப்பில், 460 ஆங்கில வாக்கியங்களுக்குச் சத்தமும் வாயசைவும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்று எம்.ஆர்.ஐ. நாம் ஆஸ்பத்திரியில் எடுப்பது அசையாத படம். பேசும்போதே வாயின் உள்பக்கத்தை ஓடும் படமாக எடுக்கும் முறையை 2004-இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. அந்தக் குழுவை நடத்திய ஸ்ரீகாந்த் நாராயணன் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். நாக்கு முழுவதும் எப்படி வளைந்து நெளிகிறது என்று அந்தப் படத்தில் பார்த்தால், நாம் பேசும்போது இவ்வளவு வேலை நடக்கிறதா என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் நீங்கள் போனில் பேசும்போது நாக்கில் சுருளை ஒட்டிக்கொள்ள முடியாது. அதனால் அடுத்த படி, சத்தத்தைக் கேட்டு வாய் எப்படி அசைந்திருக்கும் என்று ஊகிப்பது. சத்தமும் அசைவும் சேர்ந்த பதிவுகளை வைத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கிவிட்டால், பிறகு சத்தம் மட்டும் கொடுத்தால்கூட அது அசைவை ஊகித்துச் சொல்லும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே சத்தத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் உண்டாக்கலாம். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு 'ஆ, ஈ, ஊ' சொல்லுங்கள். தாடை நகரவில்லை, ஆனாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. நாக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. அமெரிக்கர்கள் 'ஆர்' என்ற ஒலியைச் சொல்லும்போது சிலர் நாக்கு நுனியை மேலே மடக்குகிறார்கள், சிலர் நாக்கின் நடுவைக் கும்பமாகத் தூக்குகிறார்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே ஊகம் எப்போதும் ஊகம்தான். ஆனாலும் பயன்படுகிறது. பிரசாந்த குமார் கோஷும் ஸ்ரீகாந்த் நாராயணனும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய வாயசைவில் பழகியதை வைத்து வேறொருவரின் பேச்சிலிருந்து அசைவை ஊகித்தார்கள். அந்த ஊகத்தைச் சத்தத்தின் கணக்கோடு சேர்த்தபோது, பேச்சை அடையாளம் காண்பது மேம்பட்டது. கோஷ் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையில்தான் பணிபுரிகிறார்.

அசைவைத் துல்லியமாக ஊகிக்காமல், எளிய கேள்விகளாகக் கேட்கிற வழியும் உண்டு. இந்த நொடியில் உதடு மூடியிருக்கிறதா? நாக்கு நுனி எங்கே? மூக்குக் கதவு திறந்திருக்கிறதா? குரல் நாண் அதிர்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் கண்டுபிடித்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தை முடிவு செய்வது. ஜெர்மனியில் காத்ரின் கிர்க்ஹாஃப் 1999-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இந்த வழியை எடுத்துக்கொண்டார். இரைச்சல் உள்ள இடங்களில் இதன் பலன் நன்றாகத் தெரிந்தது. காரணம் எளிது. குக்கர் விசில் அடிக்கும்போது உயர்ந்த ஒலிகள் மறைந்துபோகும். ஆனால் குரல் நாண் அதிர்வதும் மூக்கொலியும் தாழ்ந்த ஒலியில் தப்பி நிற்கும். நான்கு கேள்வியில் இரண்டுக்காவது பதில் கிடைத்தால், மீதியைச் சொல்லின் போக்கை வைத்து ஊகிக்கலாம். நாமும் சமையலறையில் அப்படித்தானே ஒருவர் பேச்சை ஒருவர் புரிந்துகொள்கிறோம்.

தசை தளர்ந்தவரின் பேச்சு

இப்போது மூக்குக் கதவுக்குத் திரும்பி வருவோம்.

பக்கவாதம், பார்கின்சன், மூளை முடக்குவாதம், நரம்புச் சிதைவு நோய்கள் இவற்றால் பேச்சுத் தசைகள் தளர்ந்துபோவதை டாக்டர்கள் டிஸார்த்ரியா என்கிறார்கள். சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும். தசைதான் சொன்னபடி கேட்காது. மூக்குக் கதவு முழுதாக மூடாவிட்டால் என்ன ஆகும்? நம் சோதனைக்கு நேர் எதிர். 'பால்' என்று அவர் சொல்வது 'மால்' என்று கேட்கும். உதடு இறுக்கமாக மூடாவிட்டால் அதே 'பால்', 'வால்' ஆகும். நாக்கு மெதுவாக நகர்ந்தால் சொல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

வெளியாள் வந்தால் புரியாது. ஆனால் அவருடைய மனைவிக்கோ மகளுக்கோ கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ இரண்டு வாரத்தில் புரிய ஆரம்பித்துவிடுகிறது. எப்படி? அவர் வாய் எங்கே தவறுகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் தவறும் இடம் ஒன்றாகவே இருக்கும். 'அவர் ம என்றால் ப-வாகவும் இருக்கலாம்' என்று அவர்கள் மனது கணக்குப் போட்டுக்கொள்கிறது. இதைத்தான் நாம் இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். எழுத்து எழுத்தாகப் பார்த்தால் அவர் நூறு தப்புச் செய்கிறார். வாயின் பக்கமிருந்து பார்த்தால் தளர்ந்திருப்பது ஒரு கதவு.

கனடாவின் டொராண்டோ நகரில் ஃபிராங்க் ருட்ஸிச் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் இதற்காகவே ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். டோர்கோ என்று பெயர்; அதைப் பற்றிய கட்டுரை 2012-இல் வெளிவந்தது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் உள்ளவர்களும் பேசியதை, சத்தம், நாக்கின் அசைவு இரண்டோடும் பதிவு செய்திருக்கிறார்கள். வாயைப் பற்றிய தகவலைச் சேர்த்தால் இவர்களின் பேச்சை இயந்திரம் மேலும் நன்றாக அடையாளம் காண்கிறது என்று ருட்ஸிச் காட்டினார்.

தமிழிலும் நடந்திருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய நிறுவனத்துடன் சேர்ந்து, டிஸார்த்ரியா உள்ள 20 பேரும் இல்லாத 10 பேரும் தமிழில் பேசியதைப் பதிவு செய்தது. சுமார் 8 மணி நேரப் பேச்சு. 2021 முதல் அது உலக ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கிறது. ஈ.சி.ஆர். சாலையில் போகும்போது அந்த முட்டுக்காட்டைப் படகுக்காக மட்டும் நினைக்காதீர்கள்.

பெரிய இயந்திரங்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானது. சில ஆண்டுகளாகப் பேச்சை எழுத்தாக்கும் வசதி வேகமாக முன்னேறியிருக்கிறது. நாக்கையும் உதட்டையும் பற்றி யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மலையளவு பேச்சைக் கொட்டினார்கள், அது கற்றுக்கொண்டது. 2022-இல் வெளிவந்த விஸ்பர் என்ற இயந்திரம் 6,80,000 மணி நேரப் பேச்சில் பழகியது. ஒருவர் தூங்காமல் கேட்டால் 77 ஆண்டுக்கு மேல் ஆகும்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இப்படிப் பெரிய அளவில் பழகிய சில இயந்திரங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று கலிபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த குழு ஒன்று 2023-இல் சோதித்துப் பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நாக்கும் உதடும் எப்படி அசைந்திருக்கும் என்ற தகவல் அதற்குள் உருவாகியிருந்தது. சத்தத்தை மட்டும் கேட்ட இயந்திரமும், கேட்டுக் கேட்டு வாயைப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் விட்டுவிடலாமா? ஒரு பக்கம் 6,80,000 மணி நேரம். மறு பக்கம், அந்தத் தமிழ்த் தொகுப்பில் எல்லோர் பேச்சும் சேர்ந்தே சுமார் 8 மணி நேரம். ஒரு ஆபீஸ் நாள். இப்படிப் பேசுகிறவர்களிடம் போய், இயந்திரம் பழகட்டும், பல்லாயிரம் மணி நேரம் பேசுங்கள் என்று கேட்க முடியுமா? பத்து நிமிடம் பேசினாலே களைத்துப்போகிறவர்கள் அவர்கள். கேட்பதற்கு நிறைய இல்லாத இடத்தில், முன்பே தெரிந்ததை வைத்துத்தான் ஈடு கட்ட வேண்டும். வாய் எப்படி வேலை செய்கிறது என்பது நமக்கு முன்பே தெரிந்த விஷயம். பெரிய இயந்திரத்தின் பழக்கத்தோடு இந்த அறிவும் சேர வேண்டிய இடம் இதுதான்.

இதன் பயன் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2019-இல் சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் கோபால அனுமஞ்சிபல்லி உள்ளிட்ட குழுவினரும், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைக்கப்பட்ட ஐந்து பேரின் உதவியோடு ஒரு சோதனை செய்தார்கள். மூளையின் சமிக்ஞைகளிலிருந்து பேச்சை உண்டாக்குவது. சமிக்ஞையை நேராகச் சத்தமாக மாற்றியதைவிட, முதலில் அதை வாயசைவாக மாற்றி, பிறகு அசைவைச் சத்தமாக மாற்றியது நன்றாக வேலை செய்தது. பேச்சுக்கான அந்த மூளைப் பகுதி உதட்டுக்கும் நாக்குக்கும் தாடைக்கும்தான் கட்டளை கொடுக்கிறது. குரல் முழுக்கப் போனவர்களுக்கும் பேச்சைத் திருப்பித் தர முடியும் என்ற நம்பிக்கையை இது கொடுத்தது.

நாம் என்ன செய்யலாம்?

நான்கு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. போனுக்குப் புரியவில்லை என்றால் கத்தாதீர்கள். எழுத்து எழுத்தாகப் பிரித்தும் சொல்லாதீர்கள். இயந்திரம் பழகியது இயல்பான பேச்சில். நாம் இழுத்துப் பிரித்துச் சொல்லும்போது வாயின் கால அளவே மாறிவிடுகிறது. சில நேரம் முன்பைவிட மோசமாகப் புரியும். மிக்ஸியை நிறுத்துங்கள், போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், முழு வாக்கியமாகச் சாதாரணமாகப் பேசுங்கள்.

இரண்டு. வீட்டில் யாருக்காவது பேச்சு குழறினால், அவருக்கென்று சில சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வாயில் ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் சொற்களாக இருக்கட்டும். மூக்குக் கதவு மூடாதவருக்கு 'பால்', 'மாத்திரை' என்று இரண்டுமே உதட்டில் தொடங்கினால் குழப்பம் வரும்; 'பால்' என்பதற்குப் பதில் 'காப்பி' என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் தெரியும். எந்த ஒலி அவருக்கு வசப்படுகிறது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரே அமர்வில்கூடக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடும். நாளாக நாளாகக் குரல் குறையும் நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தால், குரல் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்து வைப்பது பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

மூன்று. உங்கள் குரலைத் தானமாகக் கொடுங்கள். மத்திய அரசின் பாஷினி திட்டத்தில் பாஷா தான் என்ற பகுதி இருக்கிறது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்திலும் தமிழ் உண்டு. திரையில் வரும் வாக்கியத்தை வாசித்தால் போதும். எழுபது வயதுக் குரல், பல்செட் வைத்த குரல், மதுரைக் குரல், நாகர்கோவில் குரல் எல்லாம் வேண்டும். பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்யுங்கள். விடுமுறைக்கு நல்ல வேலை.

நான்கு. இது நம் நிர்வாகக் குழுவுக்கு. லிஃப்ட்டிலும் கேட்டிலும் குரலால் இயங்கும் வசதி வைக்கலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசப் போகிறீர்கள். வைப்பது நல்லது, கண் தெரியாதவருக்கும் கையில் பையோடு வருபவருக்கும் உதவும். ஆனால் விற்க வருபவர் தன் குரலில் செய்து காட்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். நம்மிடையே யாருடைய பேச்சு மிகக் கடினமாகப் புரிகிறதோ, அவர்கள் விரும்பினால், அவர்களைக் கீழே அழைத்து வந்து பேசச் சொல்லுங்கள். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடட்டும். தமிழில் பேசட்டும். அவர்களுக்குப் புரிகிற இயந்திரம் மற்ற எல்லோருக்கும் புரியும். அப்படி ஒன்று கிடைத்தாலும், அவசர பட்டனை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். விழுந்து கிடக்கிறவரின் குரலை, அவருடைய மனைவியைப் போலப் புரிந்துகொள்ளும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

கேள்விகள் இருந்தால் காப்பி குடித்துக்கொண்டே பேசலாம்.